கணையத்தில் தீவுகளைக் கண்ட டாக்டர் லாங்கர்ஹான்ஸ்

சர்க்கரை வியாதி இல்லாத குடும்பத்தை இன்று விரல் விட்டு எண்ணி விடலாம். மாத்திரை போதாமல் போனால் டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுக்கிறார். காலையில் பல் துலக்கியதும் தாங்களே வயிற்றிலோ தொடையிலோ ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

இன்சுலின் என்ற சொல்லுக்கு வேர் என்ன தெரியுமா? லத்தீன் மொழியில் இன்சுலா என்றால் தீவு. உடம்புக்குள் தீவு எங்கே இருக்கிறது?

இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால், வயிற்றுக்குக் குறுக்காகப் படுத்திருக்கும் கணையம் என்ற உறுப்பில் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் 10 லட்சம் தீவுகள்! எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் கணையத்தின் எடையில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் வரும். ஒவ்வொன்றும் ஊசி முனையளவு கூட இராது.

அந்தத் தீவுகளை முதன்முதலில் பார்த்து எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவருக்கு வயது 21. தான் பார்த்தது என்ன என்பது சாகும்வரை அவருக்குத் தெரியாது.

தாயைப் பறித்த நோய்

1847-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பெர்லின் நகரில் லாங்கர்ஹான்ஸ் பிறந்தார். தந்தையும் டாக்டர். அவர் பெயரும் பால்தான். நோயாளிகளைப் பார்த்ததோடு அரசியலிலும் ஈடுபட்டு, பிற்காலத்தில் பெர்லின் நகரசபையின் தலைவராக இருந்தவர்.

பையனுக்கு 6 வயதாகும்போது தாயார் இறந்துவிட்டார். அவரைக் கொண்டுபோனது காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. கிருமியால் வருகிறது என்பதே யாருக்கும் தெரியாது. இந்த நோய் பின்னால் இன்னொரு முறையும் இந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டப் போகிறது.

தந்தை மறுமணம் செய்துகொண்டார். அந்தத் தாரத்துப் பிள்ளைகள் இருவரும் டாக்டர் தொழிலுக்கே வந்தார்கள்.

பால் படித்தது பெர்லினில் சாம்பல் மடம் என்று பெயர் பெற்ற பழைய பள்ளிக்கூடம். ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க் படித்ததும் அங்கேதான். பிறகு ஜேனா நகரில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். அங்கே ஹெக்கெல் என்ற விலங்கியல் பேராசிரியர் இருந்தார். கடல் பிராணிகளில் லாங்கர்ஹான்சுக்கு ஆசை பிறந்தது அவரால். அந்த ஆசை பிற்காலத்தில் ஒரு துன்ப வேளையில் கை கொடுத்தது.

ஜேனாவிலிருந்து பெர்லினுக்குத் திரும்பினார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசான் சாதாரண மனிதர் அல்ல. உடம்பில் எந்த நோய் வந்தாலும் அது செல்லில்தான் தொடங்குகிறது என்று உலகத்துக்குக் காட்டிய ருடால்ஃப் விர்ச்சோ. லாங்கர்ஹான்சின் தந்தையும் விர்ச்சோவும் ஒரே அரசியல் கட்சியைச் சேர்ந்தவர்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் சிபாரிசு செல்லாது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தெரிய வேண்டும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதத் தெரிய வேண்டும். இரண்டும் இந்த மாணவருக்கு வந்தன.

தங்க உப்பு

உடம்பிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் ஒன்றும் விளங்காது. எல்லாம் ஒரே நிறமாகக் கண்ணாடி போல் இருக்கும். சாயம் ஏற்றினால்தான் எது எது என்று பிரிந்து தெரியும். வேட்டிக்குச் சாயம் போடுகிறவருக்கு எந்த நூல் எந்தச் சாயத்தைப் பிடிக்கும் என்று தெரிந்திருப்பது போல, திசு ஆராய்ச்சி செய்கிறவருக்கும் எது எந்தச் சாயத்தைப் பிடிக்கும் என்ற கைப்பக்குவம் வேண்டும்.

அக்காலத்தில் பெர்லினில் புதிதாக வந்திருந்த சாயம் தங்கத்தின் உப்பு. நரம்புகளை அது கறுப்பாகக் காட்டும். 1868-ல் பல்கலைக்கழகம் ஒரு போட்டி அறிவித்தது. அதற்காக லாங்கர்ஹான்ஸ் மனிதத் தோலை எடுத்துத் தங்க உப்பில் தோய்த்துப் பார்த்தார். தோலின் மேல் அடுக்கில், கிளை கிளையாகக் கை நீட்டிய கறுப்புச் செல்கள் தெரிந்தன. அதுவரை யாரும் கண்டு சொல்லாதவை. கிளைகள் இருந்ததாலும், நரம்புக்கான சாயத்தைப் பிடித்ததாலும், நரம்புச் செல்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த நினைப்பு தவறு. அது தவறு என்று தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவை நரம்பு அல்ல, காவல்காரர்கள். தோல் வழியாக நுழையும் அன்னியப் பொருளைப் பிடித்து, அதன் அடையாளத்தை உடம்பின் பாதுகாப்புப் படைக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறவை. அந்தப் படை எதிரியின் மேல் ஏவும் ஆயுதங்களில் ஒன்றுதான் ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருள். இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதியில் இது மறுபடியும் வரும்.

முயலின் கணையம்

டாக்டர் பட்டத்துக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். லாங்கர்ஹான்ஸ் கணையத்தை எடுத்துக்கொண்டார். உணவைச் செரிக்க வைக்கும் நீர் அதிலிருந்து சுரக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனால் அதன் உள்ளமைப்பு சரியாகத் தெரியாது. கணையம் லேசில் அகப்படுகிற உறுப்பும் அல்ல. உயிர் போன சிறிது நேரத்திலேயே தன் நீராலேயே தன்னைக் கரைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.

அவர் முயலின் கணையத்தை அதிகம் பயன்படுத்தினார். கரைசலில் சில நாட்கள் ஊறப் போட்டு, ஊசி முனையால் நார் நாராகப் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கணையத்தில் 9 வகைச் செல்கள் இருப்பதாகக் கணக்கெடுத்தார். அதில் ஒரு வகைதான் அவரைக் குழப்பியது.

மற்றச் செல்களில் துகள் துகளாகச் சரக்கு நிறைந்திருந்தது. இவற்றில் அப்படி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சிறிய, பல கோணமுள்ள, பளிச்சென்ற செல்கள். தனித்தனியாக இராமல் கூட்டம் கூட்டமாக, கணையத் திசுவுக்கு நடுவே ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. கூட்டத்தின் அகலத்தை அளந்தார். 0.1 மில்லிமீட்டரிலிருந்து 0.24 மில்லிமீட்டர் வரை இருந்தது. அவற்றைச் சுற்றி நரம்புகள் ஏராளமாக ஓடுவதையும் கவனித்தார்.

இவை எதற்காக இருக்கின்றன? 1869 பிப்ரவரியில் கொடுத்த கட்டுரையில், இந்தச் செல்கள் என்ன வேலை செய்கின்றன என்பது தனக்குத் தெரியவில்லை என்று ஒளிக்காமல் எழுதிவிட்டார். பட்டம் வாங்கப் போகிற பையன், பெரிய பெரிய பேராசிரியர்களின் முன்னால் இப்படி எழுதத் துணிவு வேண்டும். ஏதாவது ஒரு ஊகத்தை அடித்து விட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? தோல் செல் விஷயத்தில் ஊகம் சொன்னார், அது பொய்த்தது. கணையத்தில் வாயை மூடிக்கொண்டார், அது நிலைத்தது.

பட்டம் கிடைத்தது. கட்டுரை அலமாரிக்குப் போயிற்று.

பயணமும் போரும்

அடுத்த ஆண்டு, 1870-ல், கீப்பர்ட் என்ற புகழ்பெற்ற பூகோள அறிஞருடன் எகிப்து, சிரியா, பாலஸ்தீனம் ஆகிய நாடுகளுக்குப் பயணம் போனார். அங்கே தொழுநோயாளிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. திரும்பி வந்து, காயம்பட்ட சிப்பாய்களைக் கவனிக்கும் ஆம்புலன்ஸ் படையில் வேலை பார்த்தார்.

போர் முடிந்ததும் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. இறந்தவர்களின் உடலை அறுத்து, எந்த நோயால் இறந்தார்கள் என்று பார்த்து மாணவர்களுக்குக் காட்டும் வேலை. 1874-ல் பேராசிரியர் பதவி வந்தது. வயது 27! இந்த வயதில் இந்தப் பதவி அந்நாட்டில் எளிதில் கிடைப்பது அல்ல.

அதே ஆண்டு இருமல் தொடங்கியது.

தாயைக் கொண்டுபோன அதே காசநோய். பிண அறையில்தான் தொற்றியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அப்போது கையுறை, முகமூடி எதுவும் கிடையாது.

நல்ல காற்று, நல்ல வெயில், நல்ல சாப்பாடு. இதுதான் அன்றைய வைத்தியம். சென்னை மின்சார ரயிலில் போனவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் என்ற ஸ்டேஷன் தெரியும். அந்தப் பெயர் வந்ததே இப்படிப்பட்ட காசநோய் ஆஸ்பத்திரியால்தான். லாங்கர்ஹான்ஸ் இத்தாலியில் நேப்பிள்ஸ், பலர்மோ, கேப்ரி என்று அலைந்தார். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் மலைக்குப் போனார். குணமாகவில்லை. கைக்கு வந்த பேராசிரியர் வேலையை விட வேண்டியதாயிற்று.

1875 அக்டோபரில் கப்பல் ஏறினார். போய்ச் சேர்ந்த இடம், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகல் நாட்டுக்குச் சொந்தமான மதீரா தீவு. குளிரும் இல்லாமல், கொதிக்கும் வெயிலும் இல்லாமல் இருப்பதால் ஐரோப்பாவின் காசநோயாளிகள் அங்கே வந்து தங்குவது வழக்கம்.

தீவு வாழ்க்கை

அந்தத் தீவின் தலைநகரம் ஃபுன்ஷால். புதிய ஊர், புதிய மொழி. ஊரில் தந்தை இருக்கிறார், ஆசான் இருக்கிறார், கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பேராசிரியர் ஆகிறார்கள். இவர் மட்டும் கடலுக்கு நடுவே. பிழைப்புக்காகச் சொந்த மண்ணை விட்டு வந்து, கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை.

ஆனால் தீவின் காற்று ஒத்துக்கொண்டது. உடம்பு ஓரளவு தேறியது. தேறியதும் அவர் சும்மா இருக்கவில்லை. ஃபுன்ஷாலில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் போலவே நெஞ்சில் நோயோடு கப்பலில் வந்து இறங்கியவர்கள். நோயாளியே டாக்டர், டாக்டரே நோயாளி. பார்த்ததை எல்லாம் குறிப்பெடுத்து விர்ச்சோவின் பத்திரிகைக்கு அனுப்பினார்.

மற்ற நேரத்தில் கடற்கரைக்குப் போனார். பேராசிரியர் ஹெக்கெல் ஊட்டிய ஆசை இப்போது விழித்துக்கொண்டது. கடல் புழுக்களைப் பிடித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, படம் வரைந்து, வகை பிரித்தார். மதீராவின் புழு இனங்களைப் பற்றி அவர் எழுதியவை 1879 முதல் வெளிவந்தன. அதுவரை பெயர் இல்லாத எத்தனையோ இனங்களுக்கு அவர் பெயர் வைத்தார். ஒரு புழு இனத்துக்குத் தன் ஆசானின் நினைவாக விர்ச்சோவியா என்று பெயரிட்டார். புழுவுக்குக் குருவின் பெயரா என்று நாம் சிரிக்கலாம். விலங்கியல் துறையில் அது பெரிய மரியாதை. இன்றும் அந்தப் பெயர் புத்தகத்தில் இருக்கிறது.

1882-ல் பெர்லினிலிருந்து ஒரு செய்தி உலகமெங்கும் பரவியது. காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துவிட்டார். தன்னைத் துரத்திய எதிரி யார் என்பது லாங்கர்ஹான்சுக்கு அன்று தெரிந்தது. ஆனால் எதிரியைக் கொல்லும் மருந்து வர இன்னும் 60 ஆண்டுகள் இருந்தன.

1885-ல் மதீராவுக்கு வருகிறவர்களுக்காக ஒரு கைப்புத்தகம் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. மணமகள் மார்கரெத்தே எபார்ட். லாங்கர்ஹான்சிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒருவரின் விதவை. வயது 38-ல் அவருக்கு ஒரு வீடு அமைந்தது.

அது 3 ஆண்டுகள்தான் நீடித்தது. நுரையீரலை விட்ட எமன் சிறுநீரகத்தைப் பிடித்தான். 1887-ல் கால் வீங்கியது, தலைவலி வாட்டியது. வைத்தியத் தொழிலை நிறுத்தினார். 1888-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி காலமானார். இன்னும் 5 நாள் இருந்திருந்தால் 41 வயது நிறைந்திருக்கும். ஃபுன்ஷாலில் உள்ள ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஆரவாரம் இல்லாத அந்த இடம் ஓய்வு கொள்ள ஏற்றது என்று உயிரோடு இருக்கும்போதே அவர் சொல்லியிருந்தார்.

மறு ஆண்டே வந்த செய்தி

விதி சில வேளைகளில் கொடுமையாகக் கணக்குப் போடுகிறது. அவர் இறந்த மறு ஆண்டு, 1889-ல், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மெரிங் என்ற இரு டாக்டர்கள் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக அறுத்து எடுத்தார்கள். நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது! கணையத்தில் செரிமான நீரைத் தவிர வேறு எதுவோ இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

1893-ல் பிரான்ஸ் நாட்டின் லகேஸ் என்பவர், அந்த வேறு எதுவோ, லாங்கர்ஹான்ஸ் பார்த்த செல் கூட்டங்களாக இருக்கலாம் என்று எழுதினார். அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயரும் வைத்தார். நம் பாடப் புத்தகங்களில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று வருவது இதுதான். ஒரு தீவில் மறைந்தவரின் பெயர், உடம்புக்குள் இருக்கும் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. லகேஸ் அதை நினைத்துப் பெயர் வைக்கவில்லை. திசுவின் தோற்றத்தைப் பார்த்துத்தான் வைத்தார்.

1901-ல் அமெரிக்காவின் ஓப்பி, சர்க்கரை வியாதியால் இறந்த சிலரின் கணையத்தில் இந்தத் தீவுகள் கெட்டுப்போயிருப்பதைக் காட்டினார். 1909-ல் பெல்ஜியத்தின் டி மேயர், தீவுகளில் சுரக்க வேண்டிய அந்தப் பொருளுக்கு, அதை யாரும் பிரித்தெடுப்பதற்கு முன்பே இன்சுலின் என்று பெயர் சூட்டினார். லாங்கர்ஹான்சின் தந்தை காலமானதும் அதே 1909-ல்தான். மகன் போன பின் 21 ஆண்டுகள் அவர் இருந்தார்.

கனடாவின் டொரண்டோ நகரில் 1921-ல் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும், 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஊசியில் ஏற்றப்பட்டதும் பலரும் அறிந்த வரலாறு.

பச்சை ஒளி

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. தீவில் இருப்பவை எல்லாம் ஒரே வகைச் செல்கள் அல்ல. 1907-லேயே லேன் என்பவர் சாயம் ஏற்றி இரண்டு வகை இருப்பதைக் காட்டிவிட்டார். எந்தச் செல் இன்சுலினைத் தயாரிக்கிறது? சாதாரணச் சாயம் நிறத்தைக் காட்டும், சரக்கின் பெயரைச் சொல்லாது.

அதற்கு வழி பிறந்ததும் பெர்லினில்தான். 1939 கோடையில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க இளம் டாக்டர் அந்த நகரத்துக்கு விடுமுறைக்குப் போயிருந்தார். வாத ஜுரத்தில் இதயத் திசுவில் தோன்றும் முடிச்சுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு எண்ணம் வந்தது. ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருள் தனக்குரிய பொருளைத் தவிர வேறு எதையும் பிடிக்காது. அதன் முதுகில் ஒளிரும் சாயத்தை ஒட்டி விட்டால்? அது போய் எங்கே ஒட்டிக்கொள்கிறதோ அங்கே வெளிச்சம் தெரியுமே!

1941-ல் ஹார்வர்டில் அதைச் செய்து காட்டினார். முதலில் நீல ஒளி. திசுவே சற்று நீலமாக ஒளிர்வதால் குழப்பம் வந்தது. எனவே பச்சையாக ஒளிரும் சாயத்துக்கு மாறினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் போய்த் திரும்பி வந்து, 1950-ல் முறையைச் செம்மைப்படுத்தினார்.

கணையத்தில் இதைச் செய்வது எப்படி? மாட்டின் அல்லது பன்றியின் இன்சுலினை வேறு ஒரு பிராணிக்கு ஊசி போடுவார்கள். பெரும்பாலும் கினிப்பன்றி. அதன் உடம்பில் ஊறும் இன்சுலின் வேறு மாதிரி. ஆகவே வந்ததை அன்னியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். ரத்தத்திலிருந்து அதைப் பிரித்து, ஒளிச் சாயம் ஒட்டி, மெல்லிதாகச் சீவிய கணையத் துண்டின்மேல் விடுவார்கள். பிறகு நன்றாகக் கழுவுவார்கள். ஒட்டாதது எல்லாம் போய்விடும். புற ஊதாக் கதிரில் மைக்ராஸ்கோப் வழியே பார்த்தால், இன்சுலின் இருக்கும் செல் மட்டும் பச்சையாக எரியும். ஏமாந்து போகாமல் இருக்க ஒரு பரீட்சையும் உண்டு. அதே எதிர்ப்பொருளில் முதலிலேயே இன்சுலினைக் கலந்துவிட்டு ஊற்றினால் ஒளி வரக்கூடாது. வந்தால் சோதனை தவறு.

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் பால் லேசி இப்படிப் பார்த்தார். பீட்டா என்று பெயரிட்டிருந்த செல்களில் பச்சை ஒளி தெரிந்தது. இன்சுலின் அங்கேதான் இருக்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் நிரூபணம் ஆயிற்று. 1962-ல் இன்னொரு குழு, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் குளூககான் என்ற ஹார்மோன் ஆல்பா செல்களில் இருப்பதை இதே வழியில் காட்டியது. 1970-களில் டெல்டா செல்களின் ஹார்மோனும் பிடிபட்டது.

உடம்புக்குள் எதிர்ப்பொருள் உருவாகத் தகவல் கொண்டுபோகும் படையில் லாங்கர்ஹான்ஸ் தோலில் கண்ட செல்களும் உண்டு. அதே எதிர்ப்பொருள்தான் அவர் கணையத்தில் கண்ட தீவுகளின் ரகசியத்தை உடைத்தது. மாணவனாக இருந்தபோது ஓராண்டுக்குள் பார்த்த இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை என்று அவரால் எப்படி நினைத்திருக்க முடியும்?

இப்போது ஒரே ஸ்லைடில் இரண்டு மூன்று ஹார்மோன்களுக்கு வெவ்வேறு நிறம் ஏற்றுகிறார்கள். சிறு வயதிலேயே இன்சுலின் ஊசியால் வாழ வேண்டிய சர்க்கரை வியாதி வந்து பல ஆண்டு கழித்து இறந்தவர்களின் கணையத்தை இப்படிப் பார்த்தால், குளூககான் செல்கள் அப்படியே ஒளிர்கின்றன. இன்சுலினுக்கு உரிய நிறம் அநேகமாக எங்குமே இருக்காது. அந்தச் செல்களை உடம்பின் பாதுகாப்புப் படையே அன்னியர் என்று தவறாக எண்ணி அழித்துவிட்டது. மீதி இருக்கும் செல்கள் சுருங்கிய சிறு கூட்டங்களாகக் கிடக்கின்றன. நோயில்லாத ஒருவரின் ஸ்லைடைப் பக்கத்தில் வைத்து அளந்தால், முயலின் கணையத்தில் 1869-ல் லாங்கர்ஹான்ஸ் எழுதி வைத்த அளவையொட்டியே பல தீவுகள் இருக்கின்றன.